டொபீக்காவுக்கு வந்த பாடம்: மாநில எல்லை கடந்த தொலைக்கல்வியும் அமெரிக்கச் சட்டமும்

1905ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத் தலைநகராகிய டொபீக்காவில், பிக் என்னும் பெயருடைய ஒருவர் வணிகச் சட்டம் பயில விரும்பி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அவருக்குப் பாடம் சொல்லித் தர ஒப்புக்கொண்ட நிறுவனம் அவர் ஊரில் இல்லை. அவர் மாநிலத்திலும் இல்லை. ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், பென்சில்வேனியா மாநிலத்து ஸ்கிராண்டன் நகரில் அது இருந்தது. பாடச் சுவடிகள் அஞ்சலில் வரும். அவர் விடை எழுதி அஞ்சலில் அனுப்புவார். திருத்திய தாள் மீண்டும் அஞ்சலில் வரும். கட்டணத்தை மாதத் தவணையாகச் செலுத்தலாம். பிக் தவணைகளைத் தொடர்ந்து செலுத்தவில்லை. நிலுவைத் தொகை 79 டாலர் 60 காசு என்று கணக்கிட்ட நிறுவனம், அதை வசூலிக்கக் கன்சாஸ் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. இந்தச் சிறு கடன் வழக்கு ஐந்தாண்டுக்குள் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மாநில எல்லையைக் கடந்து கற்பிக்கும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் யாருக்கு உண்டு என்னும் கேள்வி அமெரிக்கச் சட்ட வரலாற்றில் தெளிவாக உருப்பெற்றது இவ்வழக்கில்தான்.

ஒரு கடன் வழக்கில் நமக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். நம் ஆசிரியர்களில் பலர் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் அஞ்சல்வழிப் படிப்பில் இளங்கலை, முதுகலைப் பட்டம் பெற்றவர்கள். பள்ளி முடிந்து வீடு திரும்பிய பின் இரவில் விளக்கடியில் அமர்ந்து படித்த அவர்களுக்கு, ‘இந்தப் பட்டம் இங்கே செல்லுமா?’ என்னும் கேள்வியின் கனம் நன்கு தெரியும். அக்கேள்வியின் பின்னே இன்னொரு கேள்வி மறைந்திருக்கிறது. ஆசிரியர் ஓரிடத்தும் மாணவர் வேறோரிடத்தும் இருக்கும்போது பாடம் எங்கே நடக்கிறது? ஆசிரியர் இருக்கும் இடத்தில் என்றால், அந்த ஊர்ச் சட்டமே ஆளும். மாணவர் இருக்கும் இடத்தில் என்றால், மாணவரின் அரசாங்கம் கேள்வி கேட்கலாம். அமெரிக்க நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் ஒரு நூற்றாண்டுக் காலம் இதற்கு மாறி மாறி விடை கூறியுள்ளன. அம்மாற்றங்களின் சுமை பெரும்பாலும் மாணவர் தோளிலேயே இறங்கியது என்பது என் கருத்து. அதற்கான சான்றுகளை இக்கட்டுரையில் முன்வைக்கிறேன்.

முதலில் அந்த ஸ்கிராண்டன் நிறுவனத்தின் பிறப்பைச் சொல்ல வேண்டும். அது ஒரு துயரத்தை அடுத்த கதை. 1869ஆம் ஆண்டு செப்டம்பரில் பென்சில்வேனியாவின் ஏவன்டேல் நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பற்றி 110 பேர் மாண்டனர். சுரங்கத்திலிருந்து வெளியேற இருந்த ஒரே வழியும் தீயில் அடைபட்டுப் போயிற்று. அதன்பின் சுரங்கப் பாதுகாப்புச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1885ஆம் ஆண்டுச் சட்டம், சுரங்க மேற்பார்வையாளர்கள் தேர்வெழுதித் தேறியிருக்க வேண்டும் என்று விதித்தது. நம் தோட்டப்புற வழக்கில் மண்டோர் என்போமே, அத்தகைய பொறுப்பு அது. ஆனால் பகலெல்லாம் மண்ணுக்கடியில் உழைப்பவர், காற்றோட்டம், நச்சுவாயு, கணக்கு ஆகியவற்றை யாரிடம் கற்பார்? தாமஸ் ஃபாஸ்டர் என்னும் பத்திரிகையாசிரியர் தம் சுரங்க இதழில் கேள்வி பதில் பகுதியொன்றைத் தொடங்கினார். தொழிலாளர் கேள்விகள் குவிந்தன. அப்பகுதியே வளர்ந்து 1891ஆம் ஆண்டில் அஞ்சல்வழிப் பாடமாக மாறியது. பின்னர் அது ‘பன்னாட்டு அஞ்சல்வழிப் பள்ளிகள்’ என்னும் பெயரோடு பெருநிறுவனமாயிற்று. இயந்திர வரைவு, நீராவி எந்திரம், மின்னியல், கணக்குப் பதிவு, வணிகச் சட்டம் என்று பாடங்கள் விரிந்தன. 1910ஐ ஒட்டிய காலத்தில் அதில் பெயர் பதிந்தோரின் மொத்த எண்ணிக்கை 10 இலட்சத்தைக் கடந்திருந்தது.

இவ்வளவு பேரைச் சேர்த்ததில் பாடச் சுவடிக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு முகவருக்கும் உண்டு. ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்ப்பதும் தவணைப் பணம் வாங்குவதும் அவருடைய வேலை. டொபீக்காவிலும் அப்படி ஒருவர் இருந்தார். தம் சொந்தச் செலவில் அலுவலகம் வைத்திருந்தார். சேர்ந்தோரில் பெரும்பாலோர் படிப்பை முடிக்கவில்லை. அக்காலத்து அஞ்சல்வழிப் பள்ளிகள் அனைத்துக்கும் இது பொருந்தும். களைத்து வீடு திரும்பும் தொழிலாளி, தனியாக உட்கார்ந்து இயற்கணிதம் கற்பது எளிதன்று. அவர் படிப்பை நிறுத்தினாலும் ஒப்பந்தம் நிற்காது, தவணை தொடரும். நிறுவனத்தின் வருமானம் படித்து முடிப்பவரை நம்பி இருக்கவில்லை. இந்த ஓர் உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்வரும் சட்டச் சிக்கல்கள் பலவும் எளிதில் விளங்கும்.

பிக் வழக்கிற்கு வருவோம். அந்நாளில் கன்சாஸில் ஒரு சட்டம் இருந்தது. வெளிமாநில நிறுவனம் எதுவும் அங்கே தொழில் நடத்த வேண்டுமானால், தன் மூலதனம், சொத்து, கடன், பங்குதாரர் விவரம் ஆகியவற்றை எழுதி மாநிலச் செயலாளரிடம் பதிய வேண்டும். பதிந்ததற்குச் சான்று பெறாத நிறுவனம் கன்சாஸ் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க இயலாது. ஸ்கிராண்டன் நிறுவனம் பதியவில்லை. ஆகவே கன்சாஸ் நீதிமன்றங்கள் பிக் பக்கம் தீர்ப்பளித்தன. கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு: இது கல்விச் சட்டமே அன்று. தானியம் விற்போருக்கும் தையல் இயந்திரம் விற்போருக்கும் பொருந்தும் பொதுச் சட்டம். பாடம் நல்லதா, ஆசிரியர் தகுதியுடையவரா, விடைத்தாள் உரிய காலத்தில் திருத்தி வந்ததா என்று அச்சட்டம் கேட்கவில்லை. வழக்கின் எந்தக் கட்டத்திலும் அக்கேள்வி தீர்ப்புக்குரிய கேள்வியாக எழவே இல்லை.

1910ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கன்சாஸின் தீர்ப்பை மாற்றியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன். இரயிலில் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து அமர்த்தும் சட்டம் செல்லும் என்று 1896இல் அதே நீதிமன்றம் கூறியபோது, தனியொருவராக மறுத்தெழுதியவர் இவரே. பிக் வழக்கில் அவர் கூறியதன் சாரம் இது. அமெரிக்க அரசமைப்பின்படி மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை முறைப்படுத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உரியது. வணிகம் என்பது பண்டங்களை வாங்கி விற்பது மட்டுமன்று. தந்திவழிச் செய்தி அனுப்புவதும் அதில் அடங்கும் என்று முன்பே முடிவாகியிருந்தது. அங்ஙனமாயின், ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குப் புத்தகங்களும் பாடங்களும் விடைத்தாள்களும் ஒப்பந்தத்தின்படி முறையாகப் போய்வருவதும் மாநிலங்களுக்கு இடையிலான வணிகமே. அவ்வணிகத்தில் ஈடுபடுவதற்கு ஒரு மாநிலம் முன்நிபந்தனை விதிக்க இயலாது.

கல்வி வரலாறு பயில்வோர் இத்தீர்ப்பை இருமுறை படிக்க வேண்டும். ஒரு வகையில் இது கல்வியின் விடுதலைச் சாசனம். சுரங்கத் தொழிலாளிக்கும் பண்ணைப் பெண்ணுக்கும் வரும் பாடச் சுவடியை எந்த எல்லைக் காவலரும் தடுக்க முடியாது என்று அது உறுதிசெய்தது. மறுபக்கம் பார்த்தால், கற்பித்தலை எல்லை கடக்கும் சரக்காக எண்ணியதால்தான் அது விடுதலை பெற்றது. சரக்குக்குத் தரம் பார்க்கும் கடமை வாங்குபவருடையது என்னும் பழைய வணிக மரபும் அதனோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பயின்று முடித்தால்தான் தன் பாடத்தின் தரம் மாணவருக்குத் தெரியும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் அதை எப்படி அறிவார்?

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் போலிப் பள்ளிகள் பெருகின. ஓர் அறை, ஓர் அஞ்சல் பெட்டி, ஓர் அச்சுக்கூடம் இருந்தால் பட்டம் வழங்கலாம் என்னும் நிலை சில மாநிலங்களில் இருந்தது. ஏனெனில் பட்டம் வழங்கும் உரிமையைத் தருவது அந்தந்த மாநிலத்தின் அதிகாரம். அமெரிக்க அரசமைப்பில் கல்வி என்னும் சொல்லே இல்லை. கூட்டரசுக்கு ஒப்படைக்காத அதிகாரங்கள் மாநிலங்களைச் சேரும் என்பதால் கல்வி மாநிலங்களின் பொறுப்பாயிற்று. கண்டிப்பான மாநிலமும் உண்டு, கண்ணை மூடிக்கொள்ளும் மாநிலமும் உண்டு. கண்ணை மூடிக்கொண்ட மாநிலத்தில் பதிந்துகொண்டு, கண்டிப்பான மாநிலத்தின் மாணவரை அஞ்சலில் பிடிப்பது எளிதாயிற்று. நேர்மையான பள்ளிகள் 1926ஆம் ஆண்டில் தமக்குள் ஒரு தேசிய மன்றம் அமைத்துத் தரம் காக்க முயன்றன. அஞ்சல்துறை மோசடிச் சட்டத்தைக் கையிலெடுத்தது. மாநிலங்களோ நிறுவனத்தைத் தொட முடியாவிட்டாலும் தம் மண்ணில் நடமாடும் முகவரைத் தொடலாம் என்று கண்டு, முகவர்களுக்கு உரிமம் வேண்டும் எனச் சட்டம் செய்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கூட்டரசின் பணம் கல்விக்கூடங்களுக்குள் பாய்ந்தது. போர்வீரர்களுக்குக் கல்வி உதவி வழங்கிய 1944ஆம் ஆண்டுச் சட்டமும், 1965ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டமும் இதற்கு வழிகோலின. உதவித்தொகைக்குத் தகுதி பெற மூன்று வாயில்களைக் கடக்க வேண்டும்: மாநில அனுமதி, தர அங்கீகாரம் வழங்கும் அமைப்பின் ஏற்பு, கூட்டரசுக் கல்வித்துறையின் இசைவு. முதல் வாயிலில் ‘மாநிலம்’ என்றது நிறுவனம் அமைந்துள்ள மாநிலத்தையே. மாணவர் வாழும் மாநிலம் அந்த ஏற்பாட்டில் இடம்பெறவில்லை. அன்று அது குறையாகத் தெரியவில்லை. மாணவர்கள் பெரும்பாலும் வளாகத்துக்குச் சென்றே படித்தார்கள்.

குறை வெளிப்பட்டது ஃபுளோரிடாவின் நோவா பல்கலைக்கழகத்தால். அது தன் முனைவர் பட்டப் படிப்புகளைப் பிற மாநிலங்களில் நடத்தியது. பணியிலிருக்கும் கல்வியாளர்கள் தம் ஊரிலேயே குழுவாகக் கூடுவர். பேராசிரியர்கள் அங்கு வந்து வகுப்பெடுப்பர். பட்டம் ஃபுளோரிடாவில் வழங்கப்படும். வட கரோலினா மாநிலம் இதற்கு உரிமம் மறுத்தது. 1982ஆம் ஆண்டில் அம்மாநில உச்ச நீதிமன்றம் நோவாவுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மாநிலச் சட்டம் பட்டம் வழங்குவதற்குத்தான் உரிமம் கேட்கிறது; நோவா பட்டம் வழங்குவது ஃபுளோரிடாவில்; வட கரோலினாவில் நடப்பது வெறும் கற்பித்தல்; கற்பிக்க உரிமம் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்பது அந்நீதிமன்றத்தின் தருக்கம். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1984இல், தலைநகர் வாஷிங்டனில் இதே பல்கலைக்கழகம் இதே வகைப் படிப்புக்காக வழக்காடித் தோற்றது. தலைநகரின் மேல்முறையீட்டு நீதிமன்றம், வெளியூர்ப் பட்டமாயினும் உள்ளூரில் நடக்கும் கல்விக்கு உரிமம் கேட்கலாம் என்றும், அது பேச்சுரிமையைப் பறிப்பது ஆகாது என்றும் கூறியது. ஒரே பல்கலைக்கழகம், ஒரே வகைப் படிப்பு, இரு வேறு தீர்ப்புகள். சட்ட வாசகங்கள் வேறுபட்டன என்பது உண்மையே. ஆயினும் பாடம் நடக்கும் இடம் எது என்பதில் நீதிமன்றங்களே ஒருமித்த கருத்துக்கு வரவில்லை என்பதும் இதனால் வெளிப்படுகிறது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. கூட்டாட்சி நாடாகிய இந்தியாவிலும் இதே முடிச்சு விழுந்தது. சத்தீஸ்கர் மாநிலம் 2002இல் இயற்றிய சட்டத்தின்கீழ் நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் காகிதத்தில் தோன்றின. பேராசிரியர் யஷ்பால் தொடுத்த வழக்கில் 2005ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் உரிய பிரிவுகளைச் செல்லாதவை ஆக்கியது. ஒரு மாநிலச் சட்டமன்றம் உருவாக்கும் பல்கலைக்கழகம் அம்மாநில எல்லைக்கு வெளியே கிளை பரப்ப அச்சட்டம் இடந்தர முடியாது என்றும் கூறியது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தொலைக்கல்வி மையங்கள் பிற மாநிலங்களில் இயங்கலாமா என்னும் வாதம் பின்னர் பல்லாண்டு நீடித்ததற்கு இத்தீர்ப்பும் ஒரு காரணம். இந்தியா எல்லைக் கோட்டை இறுக்கியது. அமெரிக்கா வேறு வழியில் சென்றது.

1992ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பியது. பாதிக்கு மேற்பட்ட பாடங்களை அஞ்சல்வழியில் நடத்தும் கல்லூரிக்கோ, பாதி மாணவர்களை அஞ்சல்வழியில் கொண்டிருக்கும் கல்லூரிக்கோ கூட்டரசின் மாணவர் உதவி இல்லை. உதவித்தொகைக்காகவே ஆள் பிடிக்கும் பள்ளிகளை நோக்கிய விதி அது. இணையம் வந்தபின் அச்சுவர் இடையூறாகத் தோன்றியது. 2006இல் இணையவழிக் கல்வியைப் பொறுத்தவரை அதை அகற்றினார்கள். இணையக் கல்வி வெள்ளமெனப் பெருகியது. இலாப நோக்குடைய பெருநிறுவனங்கள் நாடு முழுவதும் மாணவரைச் சேர்த்தன. ஸ்கிராண்டனின் பழைய முகவர், தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்து நாள்தோறும் அழைக்கும் சேர்க்கை அலுவலராக மறுபிறவி எடுத்தார்.

கல்வித்துறை 2010ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு புதிய விதியை வெளியிட்டது. தான் அமையாத மாநிலத்து மாணவருக்குத் தொலைவழியில் கற்பிக்கும் கல்லூரி, அம்மாணவரின் மாநிலம் கேட்கும் அனுமதியைப் பெற்றிருக்க வேண்டும். இல்லையேல் கூட்டரசின் உதவித்தொகை இல்லை. உண்மையில் அந்த மாநிலச் சட்டங்கள் முன்பே இருந்தவை, ஏட்டில் உறங்கிக்கொண்டிருந்தன. இவ்விதி அவற்றை எழுப்பிவிட்டது. கல்லூரிகள் பதறின. 50 மாநிலங்களுக்கு 50 விண்ணப்பம், 50 கட்டணம், 50 விதமான விளக்கம். ஒரு மாநிலத்தில் செய்தித்தாள் விளம்பரம் கொடுத்தாலே அங்கு ‘இயங்குவதாக’ப் பொருள், இன்னொன்றில் கட்டடம் இருந்தால்தான். சில கல்லூரிகள், சில மாநிலத்து மாணவரைச் சேர்ப்பதையே நிறுத்தின. ஐந்தாறு மாணவருக்காக ஆயிரக்கணக்கான டாலர் செலவிட அவை தயாராக இல்லை. மாணவரைக் காக்க வந்த விதி, சிற்றூர் மாணவரின் கதவைச் சாத்தியதும் உண்டு. அதை மறைப்பது நேர்மை ஆகாது.

அந்நாளைய குழப்பத்தின் உச்சம் மினசோட்டாவில் நடந்தது. 2012ஆம் ஆண்டில் கோர்செரா என்னும் நிறுவனம் பல்கலைக்கழகப் பாடங்களை இலவசமாக இணையத்தில் வழங்கத் தொடங்கியிருந்தது. பட்டமும் இல்லை, கட்டணமும் இல்லை. அம்மாநில உயர்கல்வி அலுவலகம், எங்கள் சட்டப்படி அனுமதி வேண்டும் என்று தெரிவித்தது. உடனே கோர்செரா தன் பயன்பாட்டு விதிகளில் ஓர் அறிவிப்பைச் சேர்த்தது: மினசோட்டாவில் வாழ்வோர் இப்பாடங்களைப் படிக்கக் கூடாது, படிப்பதாயின் பாடவேலையின் பெரும்பகுதியை மாநிலத்துக்கு வெளியே சென்று செய்ய வேண்டும். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்து விஸ்கான்சினில் உட்கார்ந்து படித்துவிட்டு வர வேண்டும் போலும்! நாடே நகைத்தது. மாநில அலுவலகம் சில நாளில் இறங்கிவந்து, இலவசப் பாடங்களுக்கு இது பொருந்தாது என்றது. நகைப்புக்கு நடுவே ஒன்றை மறக்கலாகாது: பட்ட வியாபாரிகளிடமிருந்து மக்களைக் காக்கவே பல ஆண்டுகளுக்கு முன் அச்சட்டம் இயற்றப்பட்டது.

கூட்டரசின் விதியோ நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2011 ஜூலையில் மாவட்ட நீதிமன்றமும், 2012 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை நீக்கின. காரணம் முறைசார்ந்தது: முன்வரைவில் தொலைக்கல்வி பற்றி ஒரு சொல்லும் கூறாமல் இறுதி விதியில் அதைச் சேர்த்தது தவறு. கூட்டரசின் பிடி தளர்ந்தாலும் மாநிலச் சட்டங்கள் அப்படியே இருந்தன. எழுந்த பூதத்தை மீண்டும் உறங்க வைக்க முடியவில்லை. முன்னாள் கல்வியமைச்சர் ரிச்சர்ட் ரைலி தலைமையில் அமைந்த ஆணையம் 2013ஆம் ஆண்டில் ஒரு வழி கூறியது. மாநிலங்கள் தாமே முன்வந்து, ஒன்றன் அனுமதியை மற்றொன்று ஏற்கும் உடன்பாடு செய்துகொள்ளலாம். அந்த உடன்பாட்டின் சுருக்கப் பெயர் ‘சாரா’. 2014இல் இண்டியானா முதலில் சேர்ந்தது. சில ஆண்டுக்குள் கலிஃபோர்னியா தவிர்ந்த 49 மாநிலங்களும் சேர்ந்தன. 2,000க்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதன்கீழ் வந்தன.

சாராவின் உயிர்நாடி ஒரே கொள்கை: கல்லூரியின் தாய்மாநிலம் பார்த்துக்கொள்ளும், மற்ற மாநிலங்கள் அதை நம்பும். தாய்மாநிலத்தில் ஓர் அனுமதி பெற்றால் உடன்பாட்டிலுள்ள எல்லா மாநிலத்துக்கும் அது செல்லும். மாணவரின் புகார் முதலில் கல்லூரிக்கும், அங்கே தீராவிட்டால் கல்லூரியின் தாய்மாநிலத்துக்கும் செல்லும். கல்லூரிகளுக்கு, குறிப்பாகச் சிறிய கல்லூரிகளுக்கு, இது பெரும் நன்மை. ஆனால் சேரும் மாநிலம் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். பொதுவான மோசடிச் சட்டங்கள் தொடர்ந்து பொருந்தும். கல்விக்கென்றே தான் இயற்றிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டங்களை, உடன்பாட்டிலுள்ள வெளிமாநிலக் கல்லூரிமீது அது செலுத்த இயலாது. கட்டணத்தைத் திருப்பித் தரும் விதியில் கண்டிப்பான மாநிலமொன்றில் வாழும் மாணவர், வெளிமாநில இணையக் கல்லூரியில் சேர்ந்தால் அந்தக் கண்டிப்பின் நிழல் அவருக்குக் கிட்டாது. பல மாநிலத் தலைமை வழக்கறிஞர்களும் மாணவர் நல அமைப்புகளும் இதைத்தான் கண்டித்தனர். 1910ஆம் ஆண்டில் கன்சாஸிடமிருந்து உச்ச நீதிமன்றம் பறித்ததை, 2014க்குப் பின் மாநிலங்கள் தாமே கையெழுத்திட்டு விட்டுக்கொடுத்தன என்று கூறினால் அது மிகையாகாது.

கலிஃபோர்னியா சேராததற்கும் இதுவே அடிப்படை. மூடிவிட்ட தனியார் கல்லூரியின் மாணவருக்குக் கட்டணத்தை ஈடுசெய்ய அம்மாநிலம் தனி நிதியொன்று வைத்திருக்கிறது. கொரிந்தியன் நிறுவனம் 2015இலும் ஐ.டி.டி. தொழில்நுட்பக் கல்லூரிகள் 2016இலும் ஒரே நாளில் மூடியபோது, அத்தகைய நிதியின் அருமை நாடெங்கும் உணரப்பட்டது. ஆனால் தனித்து நிற்பதற்கும் விலை உண்டு. மாணவர் வாழும் மாநிலத்தில் புகார் கேட்கும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று 2016இல் எழுதப்பட்ட ஒரு கூட்டரசு விதி, ஆசிரியர் சங்கங்கள் தொடுத்த வழக்கின் விளைவாக 2019 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. ஜூலை 22ஆம் நாள் கல்வித்துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது: வெளிமாநில அரசாங்கக் கல்லூரிகளிலும் இலாபநோக்கற்ற கல்லூரிகளிலும் இணையவழி படிக்கும் கலிஃபோர்னிய மாணவருக்கு, அத்தகைய புகார் ஏற்பாடு அங்கு இல்லாததால், கூட்டரசு உதவித்தொகை கிடையாது. ஏறத்தாழ 80,000 மாணவர் பாதிக்கப்படலாம் என்று மதிப்பிட்டார்கள். பருவம் தொடங்கச் சில வாரங்களே இருந்தன. கலிஃபோர்னியா ஒரு வாரத்துக்குள் புகார் ஏற்பாட்டை அமைத்தது, கல்வித்துறையும் ஏற்றுக்கொண்டது. அந்த ஒரு வாரம் தாம் எம்மாநிலச் சட்டத்தின்கீழ் இருக்கிறோம் என்பதே தெரியாமல் நின்றவர்களுள், வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் தாய்மாரும் படைவீரரும் இருந்தனர்.

ஆசிரியர்கள் அறிய வேண்டிய இன்னொரு கண்ணியும் இதில் உண்டு. அமெரிக்காவில் பள்ளி ஆசிரியருக்கான பணியுரிமத்தை வழங்குவது அந்தந்த மாநிலம். செவிலியருக்கும் உளவள ஆலோசகருக்கும் அப்படியே. சாரா கல்லூரியின் அனுமதியைப் பற்றியது. பணியுரிமத்தை அது தொடவில்லை. ஆகவே ஒரு மாநிலத்தின் இணையக் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி முடித்தவர், தம் மாநிலத்தில் வகுப்பறைக்குள் நுழைய முடியாமல் நிற்க நேர்ந்தது. பட்டம் உண்மையானது, கல்லூரி தரமானது, கடனும் உண்மையானது. உரிமம் மட்டும் இல்லை. இந்தப் படிப்பு எம்மாநிலத்தில் உரிமத்துக்கு உதவும் என்று கல்லூரிகள் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற விதி 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அறிவிப்பைப் படித்துப் புரிந்துகொள்ளும் பொறுப்பு அப்போதும் மாணவருடையதே.

2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த விதி, அப்பொறுப்பின் ஒரு பகுதியைக் கல்லூரிமீது ஏற்றியது. உரிமம் தேவைப்படும் தொழிலுக்கான படிப்பில் ஒருவரைச் சேர்க்கும்போது, அவர் வாழும் மாநிலத்தின் கல்வித் தகுதிகளை அப்படிப்பு நிறைவு செய்கிறது என்று கல்லூரியே உறுதிசெய்ய வேண்டும். அதே விதியில், அதிகம் பேசப்படாத மற்றொரு கூறும் இருக்கிறது. கல்லூரி மூடுவதைப் பற்றி மாணவரின் மாநிலம் இயற்றியிருக்கும் சட்டங்களை வெளிமாநிலக் கல்லூரியும் பின்பற்ற வேண்டும்: மதிப்பெண் ஆவணங்களைக் காத்து வைத்தல், எஞ்சிய பாடங்களை முடித்துத் தர ஏற்பாடு செய்தல், கட்டண ஈட்டு நிதியில் பங்கேற்றல். சேர்க்கையின்போது மாணவர் வாழ்ந்த மாநிலம் எதுவோ அதையே கணக்கில் கொள்ள வேண்டும். இன்று டொபீக்காவில் ஒருவர் பென்சில்வேனியக் கல்லூரியொன்றில் கூட்டரசு உதவித்தொகையோடு இணையவழி சேர்ந்து, இடையில் அக்கல்லூரி மூடிவிட்டால், அந்த ஒரு காரியத்தில் மட்டும் கன்சாஸ் சட்டம் அவரோடு நிற்கும்.